வாணலியில் தேங்கும் தண்ணீர்

உப்பைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். ஆர்வக் கோளாறில் எண்ணெயையும் சேர்த்தே குறைத்துவிட்டேன். அடுத்த மூன்று வாரம் வீட்டில் எல்லாமே அவித்த காய்தான். ஒருநாள்கூட யாரும் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடவில்லை. சத்தான சாப்பாடு என்றால் சப்பென்றுதான் இருக்கும் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உப்புக் குறைந்ததைவிட வாணலியில் தண்ணீர் தேங்கியதுதான் பெரிய கோளாறு என்பது அப்புறம்தான் புரிந்தது.

காளானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். காலிஃபிளவரும் அப்படித்தான், வெங்காயமும் ஏறக்குறைய அவ்வளவுதான். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீர் அதைத் தாண்டிச் சூடேறாது. கூடுதல் வெப்பமெல்லாம் ஆவியாகப் போய்விடும். காயைப் பொன்னிறமாக்கும் வேதிவினை விறுவிறுவென்று நடக்கவோ சுமார் 140 டிகிரி வேண்டும். நாள் முழுக்க அவித்தாலும் காலிஃபிளவர் வெளிறியே கிடப்பது இதனால்தான்.

அந்த வினைக்கு மேயார் வினை என்று பெயர். 1912-இல் லூயி கமீல் மேயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதை விவரித்தார். அவருக்குச் சமையலில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. உயிரினங்களின் உடலில் புரதம் எப்படி உருவாகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. புரதத்தின் அடிப்படைக் கூறான அமினோ அமிலத்தையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கினார், கலவை பழுப்பானது. ரொட்டியின் மேலோடு, வறுத்த காப்பிக்கொட்டை, சுட்ட இறைச்சி எல்லாவற்றின் மணத்துக்கும் இதுதான் அடிப்படை. இரண்டு மூலப்பொருள்களில் தொடங்கி நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் கிளைக்கின்றன. இதற்குக் கூடுதல் உப்பும் வேண்டாம், எண்ணெயில் மிதக்கவும் வேண்டாம். மேற்பரப்பு காய்ந்திருந்து சூடு ஏறினால் போதும்.

சொல்லச் சுலபம். ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும், அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க. வாணலி நிறையக் காளானைக் கொட்டினால் அடுப்பு தரும் சூடு முழுவதையும் இந்த ஆவிக் கணக்கே விழுங்கிவிடும். காளான் தன் நீரிலேயே வெந்து, சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஆகும். அகலமான வாணலியை முதலில் நன்றாகக் காயவைத்து, ஈரம் துடைத்த துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பினால் ஆவி வெளியேற வழி கிடைக்கும். நிறைய இருந்தால் இரண்டு தடவையாக வதக்கலாம். போட்டதும் கிளறிக்கொண்டே இருப்பதும் தப்பு. துண்டின் ஒரு பக்கம் தொடர்ந்து சூட்டில் பட்டால்தான் சிவக்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகியதுதான் பெரிய முன்னேற்றம்.

கத்தரிக்காய் தனி ரகம். அதன் சதைக்குள் ஏராளமான காற்றறைகள் இருப்பதால் ஊற்றுகிற எண்ணெயையெல்லாம் பஞ்சு மாதிரி உறிஞ்சிவிடும். முதலில் சில நிமிடம் ஆவியில் வைத்தால் அந்த அறைகள் அமுங்கிவிடும். பிறகு ஈரத்தை ஒற்றியெடுத்து வதக்கினால் கொஞ்சம் எண்ணெயே போதும்.

சிவக்க வேண்டும் என்பதற்காகக் கருக்கிவிடவும் கூடாது. 2002-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள், மாவுச்சத்துள்ள உணவுகளை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போதும் பொரிக்கும்போதும் அக்ரிலமைடு என்ற பொருள் உருவாவதைக் காட்டினார்கள். விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது அது. உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான் இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை. பொன்னிறத்தில் இறக்கிவிட்டால் அடர்பழுப்பை விட இது குறைவாகவே இருக்கும்.

சரி, எண்ணெயை அடியோடு விட்டுவிடலாமா? வேண்டாம். மணப்பொருள்களில் பல தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும் மணம்தான். சளி பிடித்தால் எதைத் தின்றாலும் ஒரே மாதிரி இருப்பதை எண்ணிப் பாருங்கள். கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின் என்ற சத்தை உடல் உறிஞ்சவும் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் இந்த வேலைகளைச் செய்துவிடும்.

உப்பு விஷயத்தில் நாக்கை ஏமாற்றலாம். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. உமிழ்நீரில் கரைந்து நாக்கைத் தொடும் உப்புத்தான் கரிக்கும். காய்க்குள் ஊறிப்போன உப்பில் ஒரு பங்கு கணக்கில் வராமலே வயிற்றுக்குப் போய்விடும். அதனால் இறக்கும் நேரத்தில் மேலாகத் தூவினால் குறைந்த அளவே எடுப்பாகத் தெரியும். நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறும் கை கொடுக்கும். தக்காளியிலும் காளானிலும் இருக்கும் குளுட்டமேட் என்ற சுவைப்பொருள் இன்னொரு துணை. 1908-இல் தோக்கியோவில் கிகுனே இகெடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அதுவும் சேர்ந்தால் உப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரிவதில்லை.

இவ்வளவு நேரம் தண்ணீரைத் திட்டினேன். வதக்கி முடித்ததும் வாணலியின் அடியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். கருகாமல் இருந்தால் அதுவும் மேயார் வினையின் விளைச்சல்தான், அதில் பெரும்பகுதி தண்ணீரில் கரையும். சூடு ஆறுவதற்குள் இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டுச் சுரண்டினால் சொய்யென்று கிளம்பி வந்துவிடும். அதை வதக்கிய காயின் மேலேயே ஊற்றிவிடுவேன். முன்பெல்லாம் அதைத் தேய்த்துக் கழுவிக் கொட்டிக்கொண்டிருந்தேன்.