கேம் பெட்டிக்குள் எதற்கு நீல லேசர்?

2006 நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது 60 ஜிபி மாடலின் விலை 599 டாலர். கேம் விளையாட வாங்குகிற பெட்டியில் ஹெச்டி படம் ஓட்டும் வசதியை யார் கேட்டது, அதற்கு நாங்கள் ஏன் காசு கொடுக்கணும் என்று பலர் கொதித்தார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் அந்தக் காசு போனது படத்துக்கு மட்டும் இல்லை. டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூ-ரே டிஸ்க்கைப் படிக்கும் டிரைவு அதில் இருந்தது. காசு அந்த டிரைவின் லேசருக்குப் போனது, அந்த லேசர் கேமுக்கும் வேண்டியிருந்தது.

டிஸ்க்கில் தகவல் நுண்ணிய குழிகளாகச் சுருள் பாதையில் பதிந்திருக்கும். லேசரை ஒரு புள்ளியாகக் குவித்து அந்தப் பாதையில் ஓட்டும்போது குழி வருகிற இடத்தில் திரும்பி வரும் ஒளி மங்கும், அந்த ஏற்ற இறக்கத்திலிருந்துதான் 0, 1 எல்லாம் பிரித்தெடுக்கிறார்கள். புள்ளி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நெருக்கமாகக் குழிகளைப் பதிக்கலாம். சின்னதாக்க அலைநீளத்தைக் குறைக்கணும், அல்லது லென்ஸ் இன்னும் கூர்மையாகக் குவிக்கணும். ப்ளூ-ரே இரண்டையும் செய்தது. டிவிடியின் சிவப்பு லேசர் 650 நானோமீட்டர், இதன் நீல ஊதா லேசர் 405. லென்ஸின் குவிப்பு எண் 0.60-லிருந்து 0.85-க்கு ஏறியது. கணக்குப் போட்டுப் பாருங்கள், புள்ளியின் பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஓர் அடுக்கில் 4.7 ஜிபி பிடித்த இடத்தில் 25 ஜிபி பிடித்தது இப்படித்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. இவ்வளவு கூர்மையாகக் குவித்தால் டிஸ்க் துளி சாய்ந்தாலும் புள்ளி கலைந்துவிடும், அதனால் தகவல் அடுக்கை மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் வைத்து, கீறல் விழாமல் மேலே கடினமான பூச்சு பூசினார்கள். தோஷிபா முன்னின்று கொண்டுவந்த போட்டி வடிவமான ஹெச்டி டிவிடியிலும் நீல லேசர்தான், ஆனால் டிவிடியின் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தையே வைத்துக்கொண்டது. தயாரிப்பு சுலபம், கொள்ளளவு அடுக்குக்கு 15 ஜிபி.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. தன் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360-க்கு ஹெச்டி டிவிடி டிரைவைத் தனியாக 199 டாலருக்கு விற்றது, அதில் படம் மட்டும் ஓடும். கேம்கள் டிவிடியிலேயே இருந்தன, ஏனென்றால் எல்லாரிடமும் இல்லாத டிரைவை நம்பி யாரும் கேம் செய்ய மாட்டார்கள். ஃபைனல் ஃபேன்டசி 13 பிளேஸ்டேஷனில் ஒரே டிஸ்க், எக்ஸ்பாக்ஸில் மூன்று. 2008 பிப்ரவரியில் தோஷிபா ஹெச்டி டிவிடியைக் கைவிட்டதும் அந்த 199 டாலர் டிரைவுக்குப் புதுப் படங்கள் வருவதும் நின்றுபோனது.

சோனிக்கும் அடி விழாமல் இல்லை. நீல லேசரை உண்டாக்கும் டயோடுகள் போதாமல் ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. டிரைவின் வேகமும் நொடிக்குச் சுமார் 9 எம்பிதான், அதனால் பல கேம்களை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டுக் காத்திருக்கணும்.

சரி, டிஸ்க்கைப் படித்தால் மட்டும் படம் வந்துவிடுமா? 1920×1080 படம், நொடிக்கு 24 ஃபிரேம், படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் என்றால் நொடிக்கு 119 கோடி பிட் ஆகிறது. ப்ளூ-ரேயில் வீடியோவுக்கு உச்ச வரம்பே 4 கோடி பிட்தான். அதனால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் மாறியதை மட்டும் எழுதி, மாறாததை எங்கிருந்து எடுக்கணும் என்று குறிப்பு வைக்கிறார்கள். அதிலிருந்து முழுப் படத்தைத் திரும்பக் கட்டுவது சிப்பின் வேலை. இந்தக் கணக்கை பிளேஸ்டேஷன் 3 'செல்' என்ற தன் ப்ராசஸரில் மென்பொருளாகவே செய்தது. அதனால்தான் 2010-இல் 3டி ப்ளூ-ரே வந்தபோது பெட்டியை மாற்றாமல் ஒரு அப்டேட்டிலேயே அதுவும் ஓடியது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

கேம் ஓட்டும் அளவு பலமுள்ள சிப்புக்கு வீடியோ பெரிய சுமை இல்லை, அதை எடுத்துவிட்டு மிச்சப்படுத்த ஒன்றும் இல்லை. செலவு டிரைவில்தான். 2023-இல் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5-இல் டிரைவைப் பிறகு வாங்கி மாட்டிக்கொள்ளலாம், அதில் 4கே படமும் ஓடும், கேமும் ஓடும். கேமை இணையத்தில் இறக்க வழி இருப்பதால் இன்று இது சரிப்படுகிறது. உங்கள் வீட்டு இணையம் 100 ஜிபி கேமை இறக்க ஒரு நாள் முழுக்க எடுக்கும் என்றால், யோசிக்காமல் டிரைவோடு வாங்குங்கள்.