கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்த பிறகு

கணக்குக்குள் நுழைய முடியவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலருடைய கணக்கை யாரும் திருடியிருக்க மாட்டார்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டுக் கைப்பேசியைத் தொலைத்திருப்பார்கள். இல்லையென்றால் பழையதை முழுவதும் அழித்துவிட்டுப் புதியதற்கு மாறியிருப்பார்கள். “நம்பர் அதேதானே, குறியீடு ஏன் வரவில்லை?” என்று கேட்பார்கள்.

கைப்பேசியில் இருக்கும் சரிபார்ப்புச் செயலி காட்டும் குறியீடு எங்கிருந்தும் வருவதில்லை, அதுதான் விஷயம். அமைக்கும்போது திரையில் தெரியும் கியூஆர் குறியீட்டுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதை ஸ்கேன் செய்தவுடன் அந்தச் சாவி செயலிக்குள் பதிந்துவிடும். அதன் பிறகு செயலியும் இணையதளமும் அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்துத் தனித்தனியே கணக்குப் போட்டு, பெரும்பாலும் 30 வினாடிக்கு ஒருமுறை, ஒரே ஆறு இலக்க எண்ணை அடைகின்றன. 2011இல் வெளியான, யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த தரம் இது. சிம்மே இல்லாத கைப்பேசியிலும் வேலை செய்யும். நேரம் பிசகினால் மட்டும் எண் பொருந்தாது. செயலி கெட்டுவிட்டது என்று புகார் சொல்பவர்களிடம், கைப்பேசியில் தானியங்கி நேரம் இயங்குகிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

இன்னொன்றும் இதிலிருந்தே புரியும். அந்தக் கியூஆர் குறியீட்டின் படம் யாரிடம் இருந்தாலும் சாவி அவரிடமும் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் தமக்குத்தாமே அனுப்பிக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அமைப்பின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலான தளங்கள் மீட்புக் குறியீடுகளைக் காட்டும். கைப்பேசி இல்லாத நாளில் உள்ளே விடுவதற்கானவை. ஒவ்வொன்றும் ஒருமுறைதான் பயன்படும். அந்தப் பக்கத்தில் நிதானிக்காமல் ‘அடுத்து’ பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். குறியீடுகளைத் தாளில் அச்சிட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். மின்னஞ்சல் கணக்கின் மீட்புக் குறியீட்டை அதே மின்னஞ்சலில் சேமித்து வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், சிரிக்கத் தோன்றவில்லை. முடிந்தால் இரண்டாவது கருவி ஒன்றையும் பதிவுசெய்யுங்கள். எல்லாம் முடிந்ததும், திறந்திருக்கும் கணக்கை மூடாமல், வேறொரு உலாவியில் புதிதாக நுழைந்து பாருங்கள். ஏதாவது தவறியிருந்தால் உள்ளே இருக்கும்போதே சரிசெய்துவிடலாம்.

எங்கே தொடங்குவது என்றால், மின்னஞ்சலில். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகள் அங்கேதான் வந்து சேர்கின்றன.

எஸ்எம்எஸ் குறியீடு வேண்டவே வேண்டாம் என்று சொல்லும் சக நிபுணர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது பலவீனமானது என்பது உண்மை. உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் மோசடி நடக்கிறது. 2018இல் ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் ஊழியர்களின் கணக்குகளுக்குள் புகுந்தவர்கள் எஸ்எம்எஸ்ஸை இடைமறித்துத்தான் புகுந்தார்கள். ஆனாலும் 2019இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், எஸ்எம்எஸ் குறியீடு தானியங்கித் தாக்குதல்களை முழுமையாகவும், மொத்தமாக வலைவீசும் போலி மின்னஞ்சல் தாக்குதல்களில் 96 சதவீதத்தையும் தடுத்தது. குறிவைத்த தாக்குதல் என்று வரும்போதுதான் அது 76க்கு இறங்கியது. வேறு வழி தராத தளத்தில் தயங்காமல் அதையே இயக்குங்கள்.

‘நீங்கள்தானா?’ என்று கேட்கும் அறிவிப்பில் வேறொரு ஆபத்து உண்டு. 2022 செப்டம்பரில் ஊபருக்குள் புகுந்தவரிடம் ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கடவுச்சொல் இருந்தது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. கடைசியில் ஒன்றை அந்தப் பணியாளர் ஏற்றுக்கொண்டார். நீங்கள் நுழைய முயலாதபோது அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், உங்கள் கடவுச்சொல் யாரிடமோ போய்விட்டது என்றே கொள்ளுங்கள். மறுத்துவிட்டு உடனே மாற்றுங்கள்.

ஆறு இலக்க எண்ணுக்குத் தன்னைக் கேட்பது அசல் தளமா, போலியா என்று தெரியாது. போலிப் பக்கத்தில் நீங்கள் தட்டச்சு செய்வதை மோசடிக்காரர் அதே நொடியில் அசல் தளத்தில் போட்டுவிடலாம். கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியோ கணினியோ தானே உறுதிசெய்யும் பாஸ்கீயும், கணினியில் செருகும் சிறு கருவியான யூஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் தள முகவரியோடு பிணைந்தவை. முகவரி மாறினால் அவை பதில் தராது. 2022இல் கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்ளே யாரும் நுழைய முடியாமல் போனது, நிறுவனம் எல்லோருக்கும் இந்தச் சாவிகளைக் கொடுத்திருந்ததால்தான். முக்கியமான கணக்குகளில் இந்த வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். சாவி வாங்கினால் இரண்டாக வாங்குங்கள்.

மீட்புக் குறியீடுகளைப் புதிதாக உருவாக்கினால் பழையவை பொதுவாகச் செல்லாமல் போகும். பத்திரங்களோடு இருக்கும் தாளையும் அன்றே மாற்றிவிடுங்கள்.