இரண்டு ரசாயனங்களைக் கலக்கும் முன்: யார், எதை, எப்படி மதிப்பிட வேண்டும்?

ரசாயன டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாள் அந்த டிரம்மில் இருப்பதைப் பற்றித்தான் பேசும். அதை இன்னொன்றோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று கணிப்பது, வேலை வாங்குபவரின் கடமை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு ரசாயன உடன்படிக்கை (எண் 170), வேலையில் ரசாயனங்களைப் பயன்படுத்துவதால் வரும் ஆபத்துகளை அவர் மதிப்பிட வேண்டும் என்று 13ஆவது பிரிவில் சொல்கிறது. உடன்படிக்கையை ஏற்புறுதி செய்த நாடுகளை அது கட்டுப்படுத்தும். வேறு பல நாடுகளில் உள்நாட்டுச் சட்டமே இந்தக் கடமையை விதிக்கிறது.

தரவுத் தாளில் 16 பகுதிகள் உண்டு. கலக்கும் வேலைக்கு முதலில் புரட்ட வேண்டியது 10ஆவது பகுதி. எந்தப் பொருளோடு சேரக்கூடாது, சேர்ந்தால் என்ன வாயு வரும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். ப்ளீச்சில் அமிலம் கலந்தால் குளோரின். அம்மோனியா கலந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு. முலாம் பூசும் பட்டறையில் சயனைடு கரைசலில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு, அதாவது உயிர்க்கொல்லி வாயு. வேண்டுமென்று யாரும் இவற்றைக் கலப்பதில்லை. கழுவாத வாளி, இரண்டு தொட்டிகளுக்கும் பொதுவான வடிகால், பெயர் எழுதாத பாட்டில் வழியாகத்தான் அவை சந்திக்கின்றன. ஆகவே மதிப்பீட்டில் பாத்திரமும் வடிகாலும் சேர வேண்டும். வேறு பாத்திரத்துக்கு மாற்றினால், உள்ளே இருப்பது என்ன, அதன் ஆபத்து என்ன என்று அதிலும் குறிக்க வேண்டும் என்பதும் உடன்படிக்கையின் விதிதான்.

வினையே நடக்காத கலவையிலும் ஆபத்து உண்டு. இரண்டு கரைப்பான்களின் ஆவியும் ஒரே உறுப்பைத் தாக்குபவை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குப் பணியிடக் காற்றில் அனுமதிக்கப்பட்ட வரம்பு 50, காற்றில் இருப்பது அதே அலகில் 30. மற்றதன் வரம்பு 100, இருப்பது 60. தனித்தனியே பார்த்தால் இரண்டும் வரம்புக்குள். ஆனால் அளவை வரம்பால் வகுத்துக் கூட்டினால் 0.6 + 0.6 = 1.2. கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டினால் வரம்பு மீறியதாகவே கொள்ள வேண்டும். இந்தக் கணக்குக்கும் அடங்காத சேர்க்கைகள் இருக்கின்றன: மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பான், என்-ஹெக்சேன் என்ற இன்னொரு கரைப்பான் நரம்புகளுக்குச் செய்யும் கேட்டை அதிகமாக்கும். அதனால் கணக்கு சரியாக வந்தது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. தரவுத் தாளில் உடல்நலக் கேடுகளைச் சொல்லும் 11ஆவது பகுதியையும் படிக்க வேண்டும்.

அடுத்தது, வேலையை நேரில் பார்ப்பது. மேசையில் உட்கார்ந்து எழுதும் மதிப்பீடு பெரும்பாலும் கலக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்கும். பொடியைக் கொட்டும்போது எழும் தூசி, மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவி, கடைசியில் தொட்டிக்குள் குனிந்து சுரண்டிக் கழுவும் வேலை ஆகியவை விட்டுப்போகும். அடர் அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். இந்த வரிசை மதிப்பீட்டிலும், தொட்டிக்கு அருகிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுக்கும் வரிசை உண்டு. ஆபத்து குறைந்த பொருளுக்கு மாற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து மூடிய கலப்பான், ஆவி கிளம்பும் இடத்திலேயே இழுக்கும் எக்ஸாஸ்ட். குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். கூரை விசிறியை நம்பிப் பயனில்லை. முகமூடி கடைசி அரண்தான். கரைப்பான் ஆவிக்கு மட்டுமான கார்ட்ரிட்ஜ் (முகமூடியில் பொருத்தும் வடிகட்டி) அம்மோனியாவைத் தடுக்காது. பெயிண்ட் போன்றவற்றைக் கெட்டியாக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: அதனால் ஒருமுறை ஆஸ்துமா வந்துவிட்டவருக்கு வரம்புக்குக் கீழே உள்ள அளவும் மூச்சுத் திணறலைத் தரலாம்.

அதே உடன்படிக்கைப்படி, பாதுகாப்புக் கருவிக்குத் தொழிலாளியிடம் பணம் வாங்கக்கூடாது. தரவுத் தாளைக் கேட்டுப் பார்ப்பது அவர் உரிமை. உடனடியான, கடுமையான ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அவர் அங்கிருந்து விலகலாம், அதற்காகத் தண்டிக்கக்கூடாது. விலகியவுடன் மேற்பார்வையாளருக்குச் சொல்லிவிட வேண்டும்.

சப்ளையர், கலக்கும் அளவு, இடம் ஆகியவற்றில் எது மாறினாலும் பழைய மதிப்பீடு செல்லாது. அடுத்த கலவைக்கு முன் புதிதாகச் செய்ய வேண்டும்.