சப்வூஃபர் பெட்டி: தச்சரிடம் போவதற்கு முன்

சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு நான்கறை வீடு. அண்ணன் ஒருவர் 12 அங்குல சப்வூஃபர் (ஆழமான பேஸ் ஓசைக்கான ஸ்பீக்கர்) வாங்கி, வீட்டுப் புதுப்பிப்பு வேலை செய்த தச்சரிடமே பெட்டி அடிக்கச் சொல்லியிருந்தார். சோபாவுக்குப் பக்கத்தில் மூலையில் 40 சென்டிமீட்டர் இடம் இருந்தது. பெட்டியும் எல்லாப் பக்கமும் 40 சென்டிமீட்டராக வந்து உட்கார்ந்துவிட்டது. கடையில் பார்த்த பெட்டிகளில் ஓட்டை இருந்ததே என்று, 10 சென்டிமீட்டர் விட்டமும் அதே நீளமும் உள்ள பிவிசி குழாய் ஒன்றையும் சொருகியாயிற்று.

பாட்டைப் போட்டால் தவிலும் ‘டொம்’, பேஸ் கிட்டாரும் ‘டொம்’. மூன்றாம் நாள் கீழ்வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டினார். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்: இடத்தை அளந்து பெட்டி செய்கிறார்கள், ஸ்பீக்கரைக் கேட்பதில்லை. பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். அது எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை ஸ்பீக்கரோடு வரும் தாளில் உள்ள மூன்று எண்கள் சொல்லிவிடும்: எஃப்எஸ் (ஸ்பீக்கர் தானாக அதிரும் அதிர்வெண்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதற்கான எண்), விஏஎஸ் (ஸ்பீக்கரின் சொந்த ஸ்பிரிங் இறுக்கத்துக்குச் சமமான காற்றின் அளவு). ஆஸ்திரேலியர் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் போட்டுக் கொடுத்த கணக்கு அது. அந்தத் தாளைத்தான் பலர் அட்டைப்பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்!

அண்ணன் நல்லவேளையாகத் தாளை வைத்திருந்தார். எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 60 லிட்டர். மூடிய பெட்டிக்குக் கணக்கு சுலபம். பெட்டியும் ஸ்பீக்கரும் சேர்ந்த மொத்த க்யூ 0.7 பக்கம் வந்தால் பேஸ் இழுபடாமல் நிற்கும். 0.707ஐ 0.45ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கழித்தால் சுமார் 1.47. விஏஎஸ்ஸை அதால் வகுத்தால் 41 லிட்டர்.

அவர் பெட்டி எவ்வளவு? வெளியே அளந்தால் 64 லிட்டர். பலகை 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்தது), எனவே உள்ளே 36.4 சென்டிமீட்டர்தான், 48 லிட்டர். ஸ்பீக்கரின் காந்தமும் குழாயும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 45 பக்கம். அந்தக் குழாயோடு சேர்த்தால் பெட்டி 55 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதுதான் அந்த ‘டொம்’. அதற்குக் கீழே ஓசை ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 24 டெசிபல் வீதம் சரிகிறது. மூடிய பெட்டியில் 12தான். அதைவிட மோசம், குழாயின் அதிர்வெண்ணுக்குக் கீழே கோனை (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பை) பிடித்து நிறுத்தக் காற்று ஸ்பிரிங் இருக்காது. ஆழமான பேஸ் வரும்போது கோன் எல்லை தாண்டி ஆடும், அதை ஆட்டும் கம்பிச்சுருளான ‘வாய்ஸ் காயில்’ அடிபடும். குழாய்ப் பெட்டியே கூடாது என்று சொல்லவில்லை. கணக்கிட்டுச் செய்தால் அதே ஆம்பிளிஃபையரில் கூடுதல் சத்தம் தரும். கண்ணால் பார்த்துக் குழாய் வெட்டக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு பிளைவுட் வட்டத்தை வெட்டி, பசை தடவி ஓட்டையை அடைத்தேன். க்யூ 0.68 வந்தது. தச்சர் தெரியாமலே நல்ல மூடிய பெட்டியாகத்தான் செய்திருந்தார், பாவம்.

பலகை பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரத்துக்கு எம்டிஎஃப்பை வெறுமனே விட்டால் வெட்டிய ஓரங்கள் ஊதிவிடும். உள்ளும் புறமும் சீலர் அடியுங்கள். ஓரத்தில் திருகு போடும் முன் சிறு துளை போடாவிட்டால் பலகை பிளக்கும். பலகைக் கடையிலேயே அறுத்து வாங்குவது நல்லது. அந்தத் தூளை வீட்டுக்குள் சுவாசிக்க வேண்டாம். மூடிய பெட்டி முடிந்ததும் கோனை மெதுவாக அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் காற்று கசியவில்லை.

ஓட்டையை அடைத்த பிறகும் ஒரு குறை மிச்சமிருந்தது. கூடத்தின் நீளம் 4 மீட்டர். அந்த நீளமே 43 ஹெர்ட்ஸ் ஓசையைச் சுவர்களுக்கிடையே எதிரொலித்துத் தூக்கிக் கொடுக்கும், பெட்டி மூலையில் இருந்தால் இன்னும் அதிகம். பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி, நீளச் சுவரின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோனோம். அடியில் தடித்த ரப்பர் வைத்தோம். அது தரையின் நேரடி அதிர்வைத்தான் குறைக்கும். கான்கிரீட் வழியே இறங்கும் பேஸுக்கு ஒலியளவைக் குறைப்பதே வழி. இரவு ஒன்பதுக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுவதாக அண்ணனே கீழே போய் ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு வந்தார். தீபாவளிக்கு மட்டும் பத்து மணி வரை அனுமதி வாங்கியிருக்கிறாராம்.