பார்த்தவர் ஏன் சொல்லவில்லை?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸுக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் பல வருடங்களாகப் போய்வரும் ஓர் அக்காவிடம் ஆய்வுக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தார். ஒரு லாட்டில், அதாவது ஒரே தொகுதியாகச் செய்த பொருள்களில், லேபிள் மாறிப்போன கதையைக் கேட்டேன். “நான் பார்த்தேன் தம்பி. ஆனா சொல்லல” என்றார். ஏன் அக்கா? “லீடர் அன்னைக்கு ஒரு மாதிரியா இருந்தாரு. நாம போயி ஏன் வாயக் குடுக்கணும்?” லாட் முழுவதும் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்துவிட்டது.

நான் பினாங்கில், வேலையும் குழுக்களும் தலைமையும் எப்படி மாறிவருகின்றன என்று ஆராய்பவன். மேனேஜர்களுக்கு வகுப்பு எடுக்கிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என் நாள்களில் பெரும்பகுதி வேறொன்றில் போகிறது: அந்த அக்கா சொல்லாமல் விட்ட சொல்லை எப்படி அளப்பது?

இந்தக் கேள்வி தற்செயலாக ஒரு மருத்துவமனை ஆய்வில் முளைத்தது. 1990களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன், இரண்டு மருத்துவமனைகளின் எட்டுப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக வேலை செய்யும் தாதியர் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கணக்குத் தலைகீழாக வந்தது. நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது.

இங்கே பலர் ஆய்வையே தூக்கிப் போட்டிருப்பார்கள். அவர் தன் கையில் இருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்று மறுபடி யோசித்தார். அது நடந்த தவறுகளின் எண்ணிக்கை அல்ல; வெளியே வந்த தவறுகளின் எண்ணிக்கை. இந்த எண்கள் எதுவும் தெரியாத ஒருவரை அந்தப் பிரிவுகளுக்கு அனுப்பிக் கவனிக்கச் சொன்னார். சில பிரிவுகளில் தாதியர் தவறைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். சிலவற்றில் பயந்து மறைத்தார்கள். 1996இல் இது வெளியானது. 1999இல் ஒரு தொழில் நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், இதைக் குழுவின் ‘உளவியல் பாதுகாப்பு’ என்று அளந்து காட்டினார். வாயைத் திறந்தால் அவமானமோ தண்டனையோ வராது என்று ஒரு குழு சேர்ந்தே நம்புவதுதான் அது. 1965லேயே நிறுவனங்களை ஆராய்ந்த எட்கர் ஷைன், வாரன் பென்னிஸ் இருவரும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதைக் குழுவின் குணமாக அளந்தது எட்மண்ட்சனின் பங்கு.

அளவுகோல் எளிமையானது. ஏழு வாக்கியங்கள், ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்பார்கள். இந்தக் குழுவில் தவறு செய்தால் அது நமக்கு எதிராகத் திரும்புமா, மற்றவரிடம் உதவி கேட்பது கஷ்டமா, இந்த மாதிரி. எளிமையாகத் தெரிந்தாலும் எங்கள் ஊரில் இதை மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் கேட்க வேண்டும். ஒருவர் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார், பிறகு இரண்டையும் ஒப்பிடுவோம். தமிழில் ‘எதிராகத் திரும்பும்’ என்று எழுதினால் உற்பத்தி லைனில் நிற்பவர்கள் தயங்குவார்கள். “மனசுல வெச்சிக்குவாங்களா?” என்று கேட்டால் அடுத்த நொடியே பதில் வரும்.

பதில்கள் வந்த பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். ஒரே லைனில் இருக்கும் பன்னிரண்டு பேரின் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, பக்கத்து லைனிலிருந்து வேறுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னால் அது ஆளாளின் சுபாவம். லைனுக்குள் ஒற்றுமையும் லைன்களுக்கு இடையே வித்தியாசமும் தெரிந்தால், நாம் அளந்தது தனிமனிதக் கூச்சத்தை அல்ல, குழுவின் குணத்தை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. “நம்ம ஆளுங்க எஸ்டேட்ல வளர்ந்தவங்க, துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் கைகட்டி நின்ன பழக்கம்” என்று படித்தவர்களே விளக்கம் சொல்கிறார்கள். இன்னும் சிலர், நாடுகளின் பண்பாட்டை ஒப்பிட்ட டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெடைக் காட்டுவார்கள். ஐபிஎம் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கணக்கெடுப்பை வைத்து அவர் ஓர் ‘அதிகார இடைவெளி’ப் பட்டியல் போட்டார்; மேலே இருப்பவருக்கு அதிகாரம் கூடுதலாக இருப்பதைக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற அளவு அது. அதில் மலேசியாவுக்கு 104, உச்சத்தில். அது ஒரு நாட்டின் சராசரி. ஒரே கூரையின் கீழ், அதே ஊர், அதே சம்பளம், அதே மெஷின் இருக்க, பக்கத்துப் பக்கத்து லைன்களில் ஒன்று பேசுகிறது, ஒன்று மௌனமாக இருக்கிறது என்றால், அந்த வித்தியாசத்தை இனமும் நாடும் விளக்காது. பரம்பரைப் பழக்கம் என்று நம் மக்கள் தலையில் கட்டிவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, எது விளக்குகிறது? மனதுக்குள் ஓடும் ஒரு சின்னக் கணக்கு. சொன்னால் வரும் நஷ்டம் எனக்கு, இப்போதே, நிச்சயமாக. சொன்னால் வரும் லாபம் கம்பெனிக்கு, எப்போதோ, ஒருவேளை. இரண்டையும் தராசில் வைத்தால் மௌனத்தின் தட்டுதான் கனக்கும். இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தனியாகப் போடுவதும் இல்லை. ஒருவர் திட்டு வாங்குவதை மற்ற பதினொரு பேரும் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். லீடரின் ஒரு முகச்சுளிப்பு பன்னிரண்டு பேருக்குப் பாடம்.

இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் 24 குழுக்களை வைத்து நடத்தி, 2015இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைக் காட்டியது. பொம்மைக் குழந்தை ஒன்றுக்கு அவசர சிகிச்சை. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் சில குழுக்களிடம் லேசாக மரியாதைக் குறைவாகப் பேசினார், சிலவற்றிடம் இயல்பாகப் பேசினார். முதல் வகைக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனது அதற்கு முக்கியக் காரணம்.

டொயோட்டா வேறு வழியில் போனது. லைனில் கோளாறு கண்டால் தொழிலாளி தலைக்கு மேலிருக்கும் கயிற்றை இழுக்கலாம். லீடர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் லைன் நிற்கும். இங்கே தைரியசாலி யார் என்ற கேள்வியே இல்லை. கயிற்றை இழுப்பது வேலையின் ஒரு பகுதி.

இப்போது மாறுவது என்ன? ஏஜெண்ட் மூலம் வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சில மாதங்களில் போய்விடுகிறார்கள். சொன்னால் ஆபத்தில்லை என்று பார்த்துக் கற்றுக்கொள்ள அவகாசம் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் முதல் எல்லாரும் இருக்கிறார்கள். முன்பு லீடரின் காதில் சொன்னதை இப்போது நாற்பது பேர் முன்னால் எழுத வேண்டும். 2020 மார்ச் 18இல் இங்கே கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் அலுவலக வேலை வீட்டுக்குப் போனதே, அதே காலத்தில் மைக்ரோசாஃப்டின் அமெரிக்க ஊழியர்கள் 61,000 பேரின் தொடர்புகளை ஆராய்ந்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தபோது, சேர்ந்து வேலை செய்யும் நேரத்தில் மற்றக் குழுக்களுக்குப் போகும் பங்கு சுமார் 25 சதவீதம் குறைந்திருந்தது. லேபிள் மாறுவது போன்ற தவறுகள் பெரும்பாலும் இரண்டு குழுக்களுக்கு நடுவேதான் நடக்கும் என்பதால் எனக்கு இது கவலை தருகிறது.

அந்த அக்காவின் லைனுக்கு அப்புறம் புது லீடர் ஒருவர் வந்தார். ஷிப்ட் தொடங்கும்போது, “நேத்து என்ன தப்பு பாத்தீங்க?” என்று கேட்பார். முதலில் பத்து நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அக்காவே ஆரம்பித்தார். அந்த மாதம் பலகையில் லைனின் தவறு எண்ணிக்கை ஏறியது. மேலிடம் லீடரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. இது நல்லதா கெட்டதா என்று அவர் என்னிடம் கேட்டார். வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த பொருள்களின் எண்ணிக்கையை அதே பலகையில் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். இரண்டும் சேர்ந்து ஏறினால் வேலை கெட்டிருக்கிறது. உள்ளே பிடிபட்டது ஏறி, வெளியே போய்த் திரும்பியது இறங்கினால் ஆட்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அவர் அந்தப் பலகையைப் படம் எடுத்து அனுப்பினார். இரண்டாவது கோடு கீழே போய்க்கொண்டிருந்தது.