காற்றாலைக்கு டிக்கெட் எடுக்கும் முன் எண்ணூரைக் காட்டுங்கள்

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றிக் கல்விச் சுற்றுலா என்றால், வடசென்னைப் பள்ளிகள் பெரும்பாலும் நேரே நாகர்கோவிலுக்கு ரயில் ஏறிவிடுகின்றன. முப்பந்தல் காற்றாலைகளின் முன் ஒரு குழுப்படம், அடுத்து கன்னியாகுமரி. நாடு எதிலிருந்து எதற்கு மாறுகிறது என்பதில் முதல் பாதி, அதாவது நிலக்கரி, திருவொற்றியூரைத் தாண்டினாலே கண்ணில் படுகிறது. அதைப் பார்க்காமல் போகும் பிள்ளைக்குக் காற்றாலை வெறும் உயரமான விசிறிதான்.

முதல் நாளை எண்ணூருக்கு ஒதுக்குங்கள். கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் அத்திப்பட்டு புதுநகரில் இறங்கினால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். உள்ளே போக, நிலையத்தின் தலைமைப் பொறியாளருக்குப் பள்ளியின் கடிதம், மாணவர் பட்டியல், அடையாள அட்டை நகல்கள் ஆகியவற்றை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டும். மூடிய ஷூ, பருத்தி உடை கட்டாயம். துப்பட்டா தொங்கவே கூடாது. சுழலும் பெல்ட் அருகில் அது உயிருக்கே ஆபத்து. அனுமதி கிடைக்காவிட்டாலும் அந்த நாளை ரத்து செய்யாதீர்கள். வெளியிலிருந்தே படிக்க நிறைய இருக்கிறது.

ஒடிசாவின் சுரங்கங்களில் வெட்டும் நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கி, கன்வேயரில் நிலையத்துக்கு வருகிறது. இங்கே மாணவர்கள் கணக்குப் போட வேண்டும். 210 மெகாவாட் மின் உற்பத்தி அலகு ஒன்று முழுத் திறனில் ஓடினால் மணிக்கு 2,10,000 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால் மணிக்கு 147 டன். ஒரு சரக்கு வேகன் ஏறக்குறைய 60 டன் கொள்ளும். ஒரு பாடவேளை முடிவதற்குள் கிட்டத்தட்ட இரண்டு வேகன் எரிந்து தீர்ந்துவிடும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் என்று வைத்தாலும் மணிக்கு 50 டன் சாம்பல் மிஞ்சும்.

பிறகு வீட்டுக் கணக்கு. ஒவ்வொருவரும் வீட்டு மின் ரசீதை எடுத்து வரட்டும். வாடகை வீட்டில் சப்-மீட்டர் என்றால் அதன் யூனிட்டைக் குறித்து வரட்டும். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் முழுவதும் நிலக்கரியில் வந்தால் 210 கிலோ நிலக்கரி, 70 கிலோ சாம்பல். அந்தச் சாம்பல் நீரில் கரைத்துக் குழாய் வழியே கொசஸ்தலை ஆற்றைக் கடந்து செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் கசிந்தால் ஆற்றில் படிகிறது. ஆற்றின் ஆழம் குறைகிறது. காட்டுக்குப்பம் மீனவர்களிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு, மாணவர்களை அவர்களோடு உட்கார வையுங்கள். ஆற்றை அவர்களைவிட நன்றாகச் சொல்லித்தர ஆள் இல்லை. சாம்பல் குளத்துக்குள் மட்டும் யாரையும் இறக்காதீர்கள்: காய்ந்த சாம்பல் நுரையீரலுக்குள் போகும் அளவுக்கு நுண்ணியது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இன்ஹேலரோடு வர வேண்டும். காற்று பலமான நாளில் அவர்களைக் குளத்தின் பக்கமே அழைத்துப் போக வேண்டாம்.

இரண்டாவது வேலைக்குப் பள்ளி மொட்டை மாடி போதும். 10 வாட் சோலார் பேனல், ஒரு மல்டிமீட்டர். நல்ல வெயிலில் வோல்ட் 21 பக்கம் காட்டும்; ஷார்ட் சர்க்யூட் கரண்ட் (பேனலின் இரு முனைகளையும் மீட்டர் வழியே நேராக இணைத்தால் ஓடுவது) 0.6 ஆம்பியர் பக்கம் வரும். கரண்ட் அளக்கும்போது சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்க வேண்டும். மில்லி ஆம்பியர் துளையில் செருகினால் மீட்டருக்குள் ஃபியூஸ் போய்விடும். பாதி குழுக்களுக்குச் சோதனை அங்கேயே நின்றுபோகும். வோல்ட்டை மட்டும் அளந்து திருப்திப்படுவதும் தவறு. மேகமூட்டத்திலும் வோல்ட் பெரிதாகக் குறையாது, கரண்ட்தான் விழும். 36 செல்லில் ஒன்றே ஒன்றை உள்ளங்கையால் முழுதாக மூடச் சொல்லுங்கள். எல்லா செல்களும் தொடராக இணைந்திருப்பதால் மொத்த கரண்டும் சரிந்துவிடும். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் இடத்தில் ஏன் பேனல் வைக்கக் கூடாது என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மணலி, எண்ணூர் மாடிகளில் தூசியும் உப்பும் சீக்கிரம் படியும். ஒரு வாரம் துடைக்காத பேனலை அளந்து, துடைத்து, உடனே மீண்டும் அளக்கலாம். நடுவில் மேகம் வந்தால் அளவு பயன்படாது. உப்பு போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படலம் நிற்கும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் விழலாம். காலை நேரம்தான் கழுவச் சரி.

இதற்குப் பிறகு ரயில் ஏறுங்கள், ஆனால் ஜூலை, ஆகஸ்டில். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்கள் அவை. அரையாண்டு விடுமுறையில் போய், நிற்கும் காற்றாலைகளைப் பார்த்துவிட்டுப் 'பழுது' என்று எழுதிவரும் பிள்ளைகள் உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. பருவம் தப்பினால் பாடமே தப்பும். முப்பந்தலில் பழைய சிறிய காற்றாலைகளும் புதிய பெரியவையும் அருகருகே நிற்கின்றன. சிறியது வேகமாகச் சுற்றும். அதுதான் அதிகம் உற்பத்தி செய்கிறது என்று மாணவர்கள் நினைப்பார்கள். 100 மீட்டர் விட்டமுள்ள பெரியது நிமிடத்துக்கு 14 சுற்றுதான், ஆனால் இறக்கையின் நுனி மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. கைக்கடிகாரத்தை வைத்து அவர்களே எண்ணிக் கணக்கிடட்டும்.

கமுதி சூரிய மின் நிலையத்துக்கு நேரம் இல்லாவிட்டால் எண்களையாவது வகுப்பில் வையுங்கள். 2016-ல் வந்தது, 648 மெகாவாட், 2,500 ஏக்கர். இரவு, மேகம் எல்லாம் சேர்த்து ஆண்டுச் சராசரி ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால் 130 மெகாவாட். பெயர்ப்பலகையில் எழுதிய திறன் வேறு, மீட்டரில் ஏறும் யூனிட் வேறு. 2025-ல் இந்தியாவின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவமல்லாத (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத) மூலங்களுக்கு வந்துவிட்டது. அணுவும் பெரிய அணைகளும் அதில் அடக்கம். ஆனால் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரிதான். இந்த இரண்டு வரிகளையும் ஒரே பக்கத்தில் எழுதாத எந்தச் சுற்றுலா அறிக்கையையும் ஆசிரியர்கள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

திரும்பி வந்ததும் ஒரு வாரம், மாநில மின்சுமைப் பகிர்வு மையம் இணையத்தில் வெளியிடும் தினசரி விவரங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். நண்பகலில் எவ்வளவு சூரிய மின்சாரம், இரவு ஏழு மணிக்கு எவ்வளவு, அந்த இடைவெளியை எது நிரப்பியது? ஏழு மணிக்குச் சூரியன் பூஜ்யம். உபரி மின்சாரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை தரும் காடம்பாறை நீர்மின் நிலையம் அப்போது ஓடியதா என்று தேடட்டும். ஓடவில்லை என்றால், அன்று மாலை எத்தனை வேகன் நிலக்கரி கூடுதலாக எரிந்திருக்கும் என்ற கணக்கை, எண்ணூரில் போட்ட அதே முறையில் போட்டுப் பார்க்கலாம்.