வலிப்பைப் பார்த்த ஆளைக் கூட்டி வாங்க

காரைக்குடியில் என்னிடம் வலிப்பு என்று வருகிறவர்கள் பை நிறைய ஸ்கேன் கொண்டு வருகிறார்கள், ஆனால் வலிப்பு வந்தபோது பக்கத்தில் இருந்தவரை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். எனக்கு முதலில் வேண்டியது அந்த ஆள்தான்.

சில மாதம் முன்பு 58 வயது ஆச்சி ஒருவரை மகன் கூட்டி வந்தார். "மறதி டாக்டர், வர வர சாஸ்தியாயிருச்சு." தலையை சிடி ஸ்கேன் எடுத்திருந்தார்கள், அதில் ஒன்றுமில்லை. பலகாரம் போடுகிற வீடு, கூட வேலை செய்யும் அக்காவைப் போனில் பிடித்தேன். "தேன்குழல் பிழிஞ்சுக்கிட்டே இருப்பாக, திடீர்னு கை நின்னுரும். முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பாக, கூப்பிட்டா பதில் வராது. வாயச் சப்பிக்கிட்டு முந்தானைய நெருடுவாக. ஒரு ஈடு கருகுற நேரம்தான். அப்புறம் நாந்தான் கருக்குனேன்னு வைவாக." ஆச்சியிடம் கேட்டால், அதற்கு முன்னால் வயிற்றுக்குள்ளிருந்து என்னமோ மேலே ஏறுமாம், வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதுவும் வலிப்புதான். காதுக்கு முன்னால் இருக்கும் நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூளையில் கிளம்புவது. கை கால் இழுக்காது, வாயில் நுரை வராது, அதனால் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே ஓடும். மூளையின் மின்துடிப்பைப் பதியும் இ.இ.ஜி.யில் முதல் தடவை எதுவும் வரவில்லை. வலிப்பு உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் தடவை அப்படித்தான் வரும், இ.இ.ஜி. நார்மல் என்பதால் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. ராத்திரி தூங்கவிடாமல் மறுபடி எடுத்தபோது மாட்டியது. சிடியில் தெரியாத சின்னத் தழும்பு எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் வெயிலில் நின்று, கண் இருட்டி, வேர்த்து வெளுத்து விழுகிறவருக்கும் கை கால் நாலு உதறு உதறும், ஆனால் ஒரு நிமிஷத்தில் தெளிந்து தண்ணீர் கேட்பார். அது மயக்கம், பார்க்க வேண்டியது இதயத்துக்கு எடுக்கும் ஈ.சி.ஜி. பெரிய வலிப்பு என்றால் நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கும், எழுந்தபின் அரை மணி நேரம்கூடக் குழம்பிக் கிடப்பார், மறுநாள் அடித்துப் போட்டதுபோல் உடம்பு வலிக்கும். இரண்டையும் பிரிக்காமல் மாத்திரை கொடுத்து, ஐந்தாறு வருஷம் சும்மாவே விழுங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களுக்குப் புதிதாக வந்தால் காரணம் தேட வேண்டும்: தலை அடி, பக்கவாதம், மூளையில் நாடாப்புழு நீர்க்கட்டி, காசநோய்க் கட்டி. சர்க்கரையோ உப்புச்சத்தோ இறங்கியோ, தினம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தியோ ஒருமுறை வந்தால் அதை வலிப்பு நோய் என்று எழுத மாட்டோம். காரணமில்லாமல் 24 மணி நேர இடைவெளிக்கு மேல் இரண்டு முறை வந்திருக்க வேண்டும், அல்லது ஒரே முறை வந்து, அடுத்த 10 வருஷத்தில் திரும்ப வர 60 சதவீதமாவது வாய்ப்பு இருக்க வேண்டும்.

அப்புறம் இந்தச் சாவி. நம்ம ஊர் வளவு வீட்டுச் சாவி ஒரு சாண் நீளம், அதைக் கையில் திணித்தால் விரல்தான் காயப்படும், வலிப்பு தானாகத்தான் நிற்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினால் 108.

ஆச்சிக்கு என் பேச்சில் நம்பிக்கையே வரவில்லை. "நா எங்க தம்பி நின்னேன்?" அடுத்த தடவை வந்தால் போனில் படம் பிடிக்கச் சொல்லியிருந்தேன், அக்கா பிடித்துக்கொண்டு வந்தார். ஆச்சி இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, "கருகுனதுக்கெல்லாம் ஒன்னையத்தானடி வஞ்சேன்" என்றார்.